மூஞ்சிக்கல்லில் ஒரு பாலைவனம்

பதினைந்து வயதில், கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தவறாமல் நடக்கத் தெரிந்த ஊர்கள் எனக்கு இரண்டு. ஒன்று நான் பிறந்து வளர்ந்த கோடைக்கானல். மற்றதில் பச்சை என்பதே கண்ணில் படாது. மஞ்சள் மண் சுவர்கள், வளைவு வாசல்கள், அடுக்கிவைத்த மரப்பெட்டிகள், நடுவில் இரட்டைக் கதவு, ஒரு பக்கம் இருட்டுச் சுரங்கம். எந்நேரமும் உச்சிவெயில். அந்த ஊரின் பெயர் டஸ்ட்-2. வெளியே மேகம் இறங்கி, மூஞ்சிக்கல் ரோட்டில் பஸ்ஸின் விளக்கு மட்டும் மிதந்து வரும் சாயங்காலங்களில், ஸ்வெட்டரும் குல்லாவுமாக நாங்கள் அந்த வெயிலில் ஓடிக்கொண்டிருப்போம்.

டஸ்ட்-2 இருந்தது கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குள். அந்த முழுப்பெயரை எங்களில் யாரும் சொன்னதில்லை. சி.எஸ். என்போம், அல்லது வெறும் கவுன்டர். ‘வாடா மாப்ள, கவுன்டர் போடலாம்’ என்று ஒருவன் சொன்னால் அடுத்த கேள்வி, கையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

நாங்கள் ஆடிய பிரவுசிங் சென்டர் மூஞ்சிக்கல்லில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. மரப்படி ஏறிப் போகவேண்டும். முன்னறைக் கம்ப்யூட்டர்கள் பெரியவர்களுக்கு: பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க, ரயில் டிக்கெட் போட, வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு மெயில் அடிக்க. வட்டக்கானலில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களும் அங்கே உட்கார்ந்து வீட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள். பலகைத் தடுப்புக்குப் பின்னால் எங்கள் அறை. எட்டு கம்ப்யூட்டர், நடுவில் மினுக் மினுக் என்று ஒரு ஸ்விட்ச், சுவரோரம் ஓடும் நீல ஒயர்கள். ‘தம்பிகளா, சத்தத்தக் கொறைங்க, வெளிய ஆள் இருக்கு’ என்று கடை அண்ணன் எட்டிப் பார்த்துச் சொல்வார். ஐந்து நிமிடம் அமைதியாக இருப்போம். பிறகு யாராவது ஒருவன், ‘அங்குட்டு வர்றான்டா, அங்குட்டு!’ என்று அலறுவான்.

டிசம்பர், ஜனவரியில் விரல் விறைத்துப்போகும். விறைத்த விரலோடு குறி பார்க்க முடியாது. பழைய பெரிய கண்ணாடி மானிட்டர்களின் முதுகு நன்றாகச் சூடேறும். விளையாட்டில் செத்துப்போனவன் எழுந்து, மானிட்டருக்குப் பின்னால் இரண்டு கையையும் வைத்துச் சூடேற்றிக்கொண்டு, அடுத்த ரவுண்டுக்குத் திரும்புவான். உருண்டை வைத்த மவுஸ். அதன் வயிற்றுக்குள் அழுக்குச் சேர்ந்து அம்புக்குறி தத்தித் தத்திப் போகும். மூடியைத் திருகி, உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே உருளைகளில் ஒட்டியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டுவது ஆட்டம் தொடங்குமுன் செய்யும் முதல் வேலை. கீழே பேக்கரியில் கோடை பண்பலை ஓடிக்கொண்டே இருக்கும். ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் இடையிலான சில நொடி மௌனத்தில் படியேறி வந்த பாட்டுகள்தான் அந்த வருஷங்களின் பாட்டுகளாக என் காதில் தங்கியிருக்கின்றன.

ஆடாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். திரையில் தெரிவது உங்கள் கண் பார்ப்பது. உங்கள் உடம்பில் உங்களுக்குத் தெரிவது துப்பாக்கி பிடித்த கை மட்டும். இரண்டு அணி. ஒன்று குண்டு வைக்க வருகிறது, மற்றது தடுக்கிறது. வைத்த குண்டு 45 நொடியில் வெடிக்கும். அதைச் செயலிழக்கச் செய்ய 10 நொடி வேண்டும். 200 டாலர் கொடுத்துக் கருவிப்பெட்டி வாங்கியிருந்தால் 5 நொடி. அந்த 200 டாலர் முதற்கொண்டு எல்லாமே விளையாட்டுப் பணம். முதல் ரவுண்டில் ஆளுக்கு 800 டாலர். ஏகே-47 துப்பாக்கி 2,500, எம்4 என்றால் 3,100, தொலைவிலிருந்து ஒரே குண்டில் சாய்க்கும் ஏடபிள்யூபி 4,750. ஜெயித்தால் பணம் சேரும், தோற்றால் குறைவாகச் சேரும், உயிரோடு மிஞ்சினால் துப்பாக்கியும் மிஞ்சும். ‘இந்த ரவுண்டு யாரும் எதுவும் வாங்காதீங்கடா, சேத்து வைங்க’ என்று பன்னிரண்டு வயதுப் பையன் தன் அணியில் மற்றவர்களுக்குக் கட்டளையிடுவான். பணம் கொழுத்தவன் இரண்டு துப்பாக்கி வாங்கி, ஒன்றை இல்லாதவன் காலடியில் போடுவான். ‘ஒரு ஏகே போடு மாப்ள’ என்ற குரலுக்கு இல்லை என்று சொன்னவனை நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. செத்தால் அந்த ரவுண்டு முடியும்வரை எழ முடியாது. அந்தக் காலத்து வேறு பல துப்பாக்கி ஆட்டங்களில் செத்த மறுநொடி வேறொரு மூலையில் உயிர்த்தெழலாம். இதில் முடியாது. ஆகவே செத்தவர்கள் எல்லாம் எழுந்து, உயிரோடிருக்கும் கடைசி ஆளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். ஒருவன் ஆட, மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ‘செத்தவன் பேசக்கூடாது’ என்பது எங்கள் கடைச் சட்டம். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று செத்தவனுக்குத் தெரியும். சொல்லிவிட்டால் ஆட்டம் கெடும். அந்தச் சட்டத்தை மீறாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற முகங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

இந்த ஆட்டத்தை ஒரு கம்பெனி உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. இது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. தெரிந்தபின் அதன்மேல் இருந்த பிரியம் இன்னும் கூடியது. 1998 நவம்பரில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஹாஃப்-லைஃப் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. தனியாளாக ஆடும் கதை அது. அதனோடு, அந்த ஆட்டத்தைப் பிரித்து மாற்றிக் கட்டும் கருவிகளையும் தந்தார்கள். இடங்களை வரைய வேர்ல்ட்கிராஃப்ட் என்ற மென்பொருள் ஆட்டத்தின் சிடியிலேயே இருந்தது. 1993இல் வந்த டூம், 1996இல் வந்த குவேக் ஆகியவை போட்ட பாதை இது. ஆடுகிறவர்களே ஆட்டத்தைத் திறந்து, வேறொன்றாக ஆக்கலாம். அப்படி ஆக்கியதை மோட் என்பார்கள்.

கவுன்டர் ஸ்ட்ரைக்கும் அப்படி ஒரு மோட். அதைத் தொடங்கிய மின் லே வியட்நாமில் பிறந்தவர். சிறு வயதிலேயே அவருடைய குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே குவேக்குக்காக நேவி சீல்ஸ் என்ற மோடைச் செய்து பழகியிருந்தார். ஹாஃப்-லைஃப் வந்ததும், அமெரிக்க மாணவரான ஜெஸ் கிளிஃப் என்பவரோடு சேர்ந்து கவுன்டர் ஸ்ட்ரைக்கைத் தொடங்கினார். முதல் சோதனைப் பதிப்பு 1999 ஜூன் 19இல் வந்தது. இலவசம்தான், ஹாஃப்-லைஃப் மட்டும் கையில் இருக்கவேண்டும். ‘ஃபயர் இன் தி ஹோல்’ என்று ஒரு குரல் வருமே, தமிழ்நாட்டில் எந்தச் சந்திலும் பையன்கள் கையெறி குண்டு வீசுவதுபோல் கல்லை வீசிக்கொண்டு கத்திய அந்தக் குரல் ஜெஸ் கிளிஃபுடையது. ஒரு கல்லூரி மாணவரின் குரல். நாங்கள் உயிரை விட்டு ஓடிய டஸ்ட் என்ற பாலைவனத்தை வரைந்த டேவ் ஜான்ஸ்டன் இங்கிலாந்துக்காரர்; அப்போது அவருக்கு வயது 16. அதன் அடுத்த வடிவமான டஸ்ட்-2ஐ 2001இல் வெளியிட்டார். உலகத்தில் அதிகம் பேர் நடந்து பழகிய கற்பனை ஊர்களில் ஒன்றை எங்கள் வயதுப் பையன் ஒருவன் வரைந்திருக்கிறான்.

2000ஆம் ஆண்டில் வால்வ் அந்த மோடை வாங்கி, மின் லே, ஜெஸ் கிளிஃப் இருவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, அதைத் தனி ஆட்டமாக விற்றது. 2003 செப்டம்பரில் வந்த 1.6 என்ற பதிப்புதான் எங்களுடையது. 500 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 96 எம்பி ராம் இருந்தால் ஓடும். அதாவது, கீழ்நாட்டில் பழசாகிப்போய் மலையேறி வந்த கம்ப்யூட்டர்களிலும் ஓடும். இன்டர்நெட்டே வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய வரம். கோடைக்கானலில் ஆனி ஆடிக் காற்றில் மரம் விழுந்து போன் ஒயர் அறுந்தால் எத்தனை நாள் கழித்து வரும் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி இடிக்குப் பயந்து அண்ணன் மோடத்தைக் கழற்றி வைத்துவிடுவார். அப்போதும் அறைக்குள் ஒயர் இருந்தது. எட்டில் ஒரு கம்ப்யூட்டரே சர்வர். அதில் உட்கார்ந்தவன் ஆட்டத்தைத் திறந்தால் மற்ற ஏழிலும் அவன் பெயர் வந்துவிடும். எங்களுக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை.

எங்கள் கடைக்கு வந்த சிடி, மதுரையிலிருந்து யாரோ வாங்கி வந்த நகல். காசு கொடுத்து வாங்கியது என்று சொல்லி இப்போது நல்ல பெயர் எடுக்க விரும்பவில்லை. அன்றைக்கு அந்த விலை கொடுத்து அசலை வாங்க மலையில் வழியும் இல்லை, வசதியும் இல்லை.

பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. சொந்தப் பெயரில் யாரும் ஆடியதில்லை. ஒரு அணியில் தல, மறு அணியில் இளைய தளபதி. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர்தான் தேடிப் போவார்கள். அந்நியன் வந்த வருஷம் ஒரே நேரத்தில் இரண்டு அந்நியன்கள் இருந்தார்கள். சுவரில் சின்னம் அடிக்கும் வசதி ஒன்று ஆட்டத்தில் உண்டு. படத்தைச் சிறிதாக்கி அந்த ஃபைலாக மாற்றிவிட்டால் நமக்குப் பிடித்த முகத்தையே பாலைவனச் சுவரில் ஒட்டலாம். டஸ்ட்-2இன் சுரங்கச் சுவர்களில் கோலிவுட் முழுவதும் இருந்தது. பிறகு ஒருவன் ஒலி ஃபைல்கள் எல்லாம் ஒரு ஃபோல்டரில் சும்மா கிடக்கின்றன என்று கண்டுபிடித்தான். அதே பெயரில் வேறு ஒலியைப் போட்டால் ஆட்டம் அதை ஓட்டும். மறுநாள் குண்டு வைத்ததும் வடிவேலு பேசினார். தோற்ற அணிக்கும் வடிவேலுதான் ஆறுதல் சொன்னார். அன்று சாயங்காலம் சிரித்துச் சிரித்து யாராலும் சுட முடியவில்லை.

கன்சோல் என்ற கறுப்புப் பட்டையைத் திறந்து கட்டளை அடித்தால் உலகத்தின் விதியே மாறும். ஈர்ப்புவிசையின் எண் 800. அதை 200 ஆக்கிவிட்டால் ஆட்கள் கூரைக்குக் கூரை மிதந்து போவார்கள். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆட்டத்தின் உட்புறம் எங்களுக்குத் திறந்தே கிடந்தது.

மலைக் கிராமத்துப் பையன்கள் சனிக்கிழமைகளில் வருவார்கள். பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு. காரட் மூட்டையோ பூண்டு மூட்டையோ ஏற்றிக்கொண்டு அப்பாவோடு வண்டியில் வந்தவன், அவர் கமிஷன் கடையில் கணக்குப் பார்க்கும் நேரத்தில் இங்கே ஓடி வந்துவிடுவான். பூம்பாறைப் பையன் ஒருவன் இருந்தான், ஏடபிள்யூபி துப்பாக்கியில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டால் போதும், மிச்சம் எத்தனை நொடி, குண்டு எங்கே என்று பார்க்காமல் எழுந்து ஓடிவிடுவான். பஸ்ஸை விட்டால் இரவு தங்க இடம் கிடையாது. அவனுடைய ஆள் டஸ்ட்-2இன் நடுத்தெருவில் அசையாமல் நின்றுகொண்டிருப்பான். எதிரணிக்காரர்கள் அவனைச் சுடமாட்டார்கள். அப்படி ஒரு ஒப்பந்தம் யாரும் பேசி வைத்ததில்லை. இன்டர்நேஷனல் ஸ்கூலில் படித்த பல நாட்டுப் பிள்ளைகளும் லீவு நாளில் வந்து ஆடியதுண்டு. எங்கள் ஆங்கிலம் அவர்களுக்கும் அவர்களுடைய ஆங்கிலம் எங்களுக்கும் சரியாகப் புரியாது. ‘எனிமி ஸ்பாட்டட்’ எல்லோருக்கும் புரியும்.

சீசன் மாதங்களில் கதை வேறு. ஏப்ரல், மே என்றால் எங்களில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விடுவார்கள். ஏரிக்கரையில் குதிரை பிடிக்க, ரூம் கேட்டு வரும் வண்டிகளை லாட்ஜுக்கு அழைத்துப் போக, சோளம் சுட. அந்த இரண்டு மாதச் சம்பாத்தியத்தில் நோட்டுப் புத்தகமும் சட்டையும் போக மிஞ்சியது ஜூனில் கடைக்கு வந்து சேரும். 2006இல் குறிஞ்சி பூத்த வருஷம், பூப் பார்க்க வந்த கூட்டத்தால் ஆகஸ்ட், செப்டம்பரிலும் சீசன் நீண்டது. கடையில் ஆள் குறைந்திருந்த அந்த மழைக்கால மதியங்களில்தான், என் நினைவில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் காரியம் நடந்தது.

கடையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், பாலிடெக்னிக் முடித்தவர், ‘நம்ம ஊருலயே சண்ட போட்டா எப்படி இருக்கும்?’ என்று கேட்டார். நாங்கள் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். அவர் மேப், அதாவது ஆட்டம் நடக்கும் இடம், வரையும் மென்பொருளை எங்கிருந்தோ எடுத்து, பாடங்களை பிரிண்ட் போட்டு, பேனாவால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். வேர்ல்ட்கிராஃப்டுக்குப் பின்னால் வால்வ் வைத்த பெயர் ஹேமர். திரையை நாலாகப் பிரித்து மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என்று காட்டும். அதில் கட்டிகளை அடுக்கி உலகம் செய்யவேண்டும்.

ஊரில் எந்த இடம்? ஏரி என்றோம் எல்லோரும். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஆட்டத்தில் ஒரு மனிதனின் உயரம் 72 அலகு. ஒரு மேப்பின் மொத்த அகலம் 8,192 அலகுக்கு மேல் போக முடியாது. மனித உயரத்தை வைத்துப் பார்த்தால் சுமார் 200 மீட்டர். ஏரியைச் சுற்றி வந்தாலே ஐந்து கிலோமீட்டர். கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதை ஒரு கிலோமீட்டர். இரண்டும் உள்ளே நுழையாது. கடைசியில் ஏழு ரோடு என்று முடிவாயிற்று. ஏழு பக்கமிருந்து சாலைகள் வந்து கூடும் சந்திப்பு. குண்டு வைக்க அதைவிட நல்ல இடம் எது?

அங்கேதான் அவருக்குத் தலைவலி தொடங்கியது. டஸ்ட்-2 நன்றாக இருப்பதற்குக் காரணம் அதில் பாதைகள் குறைவு. இரண்டு அணியும் எங்கே, எத்தனையாவது நொடியில் மோதும் என்பது கணக்காக வரும். ஏழு பாதை இருந்தால் ஒருவரையொருவர் பார்க்காமலே ரவுண்டு முடிந்துவிடும். ஆகவே மூன்று சாலைகளைக் குறுக்கே பஸ்ஸை நிறுத்தி அடைத்தார். பஸ் என்றால் பெட்டிமேல் பெட்டி. சக்கரம் எட்டுப் பட்டை. அடுத்தது சரிவு. கோடைக்கானலில் சமதரை எங்கே இருக்கிறது? கட்டியைக் கோணலாக வெட்டி, முக்கோண ஆப்புகளாகச் சேர்த்துச் சேர்த்துத்தான் மேடு செய்யவேண்டும். இரண்டு ஆப்புக்கு நடுவே மயிரிழை இடைவெளி விட்டாலும் லீக் என்று சொல்லி, மேப்பாக்கும் மென்பொருள் அந்த உலகத்தைச் சரியாக முடித்துத் தராது; நாலாபுறமும் வானமும் சேர்த்து மூடியிருக்கவேண்டும். அப்புறம் பார்வை. சந்திப்பில் நின்றால் எல்லாச் சாலையும் ஒரே நேரத்தில் தெரியும். அவ்வளவையும் வரைந்து காட்ட எங்கள் கம்ப்யூட்டரால் முடியவில்லை, படம் திக்கியது. நிஜ ஏழு ரோட்டில் மேகம் இறங்கினால் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது. இந்தச் சிக்கலே இல்லை. அவர் சாலைகளைச் சற்று வளைத்துப் பார்வையை மறைத்தார்.

கல் சுவர் வேண்டும் என்று கேமரா போனை எடுத்துக்கொண்டு பழைய பங்களாக்களின் மதிலோரம் அலைந்தார். மேப்பில் ஒட்டும் படத்தில் 256 நிறம்தான் இருக்கலாம், நீள அகலம் 16ஆல் வகுபடவேண்டும். எங்கள் ஊர்ச் சாம்பல் கல்லுக்கு 256 நிறம் தாராளம். யூக்கலிப்டஸ் மரங்களுக்கு இரண்டு தட்டைப் படங்களைக் குறுக்காகச் சொருகினார். வானத்துக்கு மேல், கீழ், நாலு பக்கம் என்று ஆறு படங்கள் தேவை. கோக்கர்ஸ் வாக்கில் நின்று எடுத்தார். ஆகவே அந்த மேப்பின் வானம் எங்கள் வானம்தான்.

வரைந்து முடித்தபின் கம்ப்யூட்டர் அதை மேப்பாகச் சமைக்கவேண்டும். எந்த இடத்திலிருந்து எது தெரியும் என்று ஒரு கணக்கு, எந்தச் சுவரில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று இன்னொரு கணக்கு. இரவு ஓடவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கவேண்டும். கரண்ட் போனால் முதலிலிருந்து. யுபிஎஸ் சில நிமிஷம் கூவிவிட்டு நின்றுபோகும். எத்தனை இரவு போயிற்று என்று அவர்தான் சொல்லவேண்டும். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள். எட்டுப் பேரும் உட்கார்ந்தோம். ஏழு ரோடு திறந்தது. யாரும் சுடவில்லை. ஒவ்வொருவரும் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நடந்து பார்த்தோம். ‘டேய், நம்ம பஸ்ஸுடா.’ ‘இந்தக் கல்லு செவுரு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.’ போலீஸ் அணியும் குண்டு வைக்கும் அணியும் ஒரே மேட்டில் ஏறி நின்று வானத்தைப் பார்த்தன. குண்டைச் சுமந்தவன் அதை வைக்கவே மறந்துபோனான். நேரம் முடிந்து, ‘கவுன்டர் டெரரிஸ்ட்ஸ் வின்’ என்று குரல் வந்தது.

சொந்த ஊரைத் துப்பாக்கி ஆட்டத்துக்குள் கொண்டுபோகும் ஆசை எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. பிரேசிலில் ரியோ நகரத்துக் குன்றுக் குடியிருப்பை வைத்து ரசிகர்கள் ஒரு மேப் செய்தார்கள். அதையும் காரணம் காட்டி 2008 ஜனவரியில் அந்த நாட்டில் கவுன்டர் ஸ்ட்ரைக் விற்பனைக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டு நீங்கியது. வன்முறை என்று எங்கள் வீடுகளிலும் திட்டினார்கள். அவர்கள் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தை வெட்டிவிட்டு வந்தவர்களும், மளிகைக்கடைக் காசைக் கொண்டுவந்து கட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் நடந்ததைப் பார்த்திருந்தால் எந்த அம்மாவும் கோபப்பட்டிருக்கமாட்டார். தன் ஊரை ஒருவர் தன் கையால் கட்டியிருந்தார். அதை எட்டுப் பிள்ளைகள் வாய் பிளந்து சுற்றிப் பார்த்தார்கள்.

கடை போனது மெல்ல மெல்ல. 2008க்குப் பிறகு மின்வெட்டு கூடிக்கொண்டே போனது. 2012இல் சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் கழிந்தது. 2011இல் மத்திய அரசின் சைபர் கஃபே விதிகள் வந்தன: அடையாள அட்டை, ஒரு வருஷத்துக்குப் பதிவேடு, நாலரை அடிக்கு மேல் உயராத தடுப்பு, அட்டை இல்லாத சிறுவர் என்றால் கூடவே பெரியவர். பாதுகாப்புக்கான விதிகள்தான். பத்தாம் வகுப்புப் பையன் எந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு கவுன்டர் ஆட வருவான்? 2016இல் ஜியோ வந்தபின் ரிசல்ட் பார்க்கக்கூட யாரும் படியேறவில்லை. அடுத்த குறிஞ்சி பூத்த 2018இல், பப்ஜி மொபைல் வந்த அதே வருஷத்தில், அந்த மாடியில் சாக்லேட் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். ஏரிக்கரை பெஞ்சில் நாலு பையன்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஆளுக்கொரு போனில், ஆளுக்கொரு ஹெட்செட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அது சந்தோஷம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் உள்ளே அவர்கள் கைவைக்க முடியாது. சர்வர் வேறெங்கோ இருந்தது. 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடைசெய்தபோது ஒரே உத்தரவில் அத்தனை பேர் கையிலிருந்தும் ஆட்டம் போய்விட்டது. எங்கள் அறையிலிருந்து அப்படி யாரும் எடுத்துப் போயிருக்க முடியாது.

கவுன்டர் ஸ்ட்ரைக்கும் மாறிவிட்டது. 2013 ஆகஸ்டில் துப்பாக்கிக்குப் பூசும் வண்ணங்களை விற்கத் தொடங்கினார்கள். நாங்கள் பெயின்ட் மென்பொருளில் கிறுக்கிச் சும்மா மாட்டிக்கொண்டது, இன்று பெரும் பணம் புரளும் சந்தை. 2023 செப்டம்பரில் இரண்டாம் பாகம் வந்தது, அழகாகத்தான் இருக்கிறது. டஸ்ட்-2 அதிலும் இருக்கிறது. ஒரு மாணவன் தன் அறையில் தொடங்கியதை இன்னொரு மாணவன் இன்னொரு ஊரில் திறந்து மாற்றலாம் என்ற அந்தத் தைரியம்தான் முதலில் இந்த ஆட்டத்தை ஆக்கியது. அதைச் சந்தையாக்கியது நஷ்டம் என்பதே என் தீர்மானமான எண்ணம்.

ஏழு ரோடு மேப் இப்போது என்னிடம் இல்லை. செய்தவரிடமும் இல்லை; அவருடைய ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சர்வரில் இருக்கும் மேப் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், நீங்கள் ஆட்டத்தில் சேரும்போது அது தானாக உங்களிடம் நகலாகிவிடும். ஆகவே அந்த எட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏழு ரோடு இருந்தது. கடை மூடியபோது எட்டும் செகண்ட் ஹேண்டாக மலையெங்கும் போயின. பெருமாள்மலைக்கு ஒன்று, பண்ணைக்காட்டுக்கு ஒன்று, வத்தலக்குண்டில் ஏதோ ஒரு கடைக்கு இரண்டு என்று கேள்வி. கோடையில் மட்டுமல்ல, திண்டுக்கல்லில், தேனியில், திருச்சியில் இப்படித் தங்கள் தெருவையும் பள்ளிக்கூடத்தையும் வரைந்துபார்த்த பையன்கள் இருந்திருப்பார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிபியூ ஒன்று கிடந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் அதன் ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை திறந்துபாருங்கள். சிஸ்ட்ரைக் என்ற ஃபோல்டருக்குள் மேப்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் பி.எஸ்.பி. என்று முடியும் ஃபைல்களில் டஸ்ட், அஸ்டெக், இன்ஃபெர்னோ, ஐஸ்வேர்ல்ட் தவிர உங்களுக்குத் தெரியாத ஊர்ப்பெயர் ஏதாவது இருந்தால், தயவுசெய்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். சில எம்பிதான் இருக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 இன்னும் வால்வின் ஸ்டீம் கடையில் கிடைக்கிறது. அந்த மேப் அதில் இன்றைக்கும் ஓடும்.